இறங்கும் வரிசை

வீட்டு வாசலிலேயே சொல்லியிருக்கலாம். இவர் கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாரே, அப்போது. அதற்கும் முன்னால், காலை மேஜையில், ஏங்க, இன்னைக்கு நானும் மைதானத்துக்கு வர்றேன் என்றதும் இட்லியைப் பிட்ட கை அப்படியே நின்று, பிறகு ஒன்றும் காதில் விழாத மாதிரி மறுபடி பிட்டதே, அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அரண்மனை மதில் முடிந்து கடைவீதியும் முடிந்து கார் இப்போது ரயில்வே கேட்டில் நிற்கிறது. கேட் மூடியிருக்கிறது. முன்னால் ஒரு பருத்தி வண்டி, அதன் மாடு வாலைச் சுழற்றிச் சுழற்றி எங்கள் காரின் முகப்பில் அடிக்கிறது, மற்ற நாளாயிருந்தால் இவர் ஹாரனை அழுத்தியிருப்பார். இன்றைக்கு இரண்டு கையையும் சக்கரத்தின் மேல் வைத்துக்கொண்டு தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். எங்கள் இருவருக்கும் நடுவில், இருக்கையின் மேல், இவர் பறக்கும்போது போடும் தோல் குல்லாய் கிடக்கிறது, கண்ணாடியோடு. சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்தான். இன்னைக்கு நீங்க முதல்ல இறங்காதீங்க, அந்தப் பிள்ளைங்க முதல்ல இறங்கட்டும். இதில் என்ன கஷ்டம்? ஊறுகாய் ஜாடியை வெயிலில் எடுத்து வையுங்கள் என்பதுபோல ஒரு வாக்கியம். ஆனால் ஏன் என்று கேட்பார். கேட்டால் நான் திருமலையின் பெயரைச் சொல்ல வேண்டியிருக்கும். அவன் போனதிலிருந்து இந்த வீட்டில் அந்தப் பெயரை நாங்கள் இரண்டு பேருமே சொன்னதில்லை, தம்பி என்று நான் சொல்வேன், அவன் என்று இவர் சொல்வார், அதற்கு மேல் பேச்சு போகாது. கான்வென்டில் படித்த இங்கிலீஷில் சொல்லிப் பார்க்கிறேன் மனசுக்குள். அதில் சுலபமாக வருகிறது, யாரோ யாருக்கோ சொல்வதுபோல, அதில் அக்காவும் இல்லை அத்தானும் இல்லை. தமிழுக்குக் கொண்டுவந்ததும் இருவரும் வந்துவிடுகிறார்கள். உங்களுக்காகத்தான் அவன் மேலேயே இருந்தான். எந்த மனைவி இதை எந்தப் புருஷனிடம் சொல்லியிருக்கிறாள்? உங்களுக்காகத்தான் என்பது அன்பாகச் சொல்லும் சொல் ஆயிற்றே, உங்களுக்காகத்தான் இந்தக் குழம்பு, உங்களுக்காகத்தான் காத்திருந்தேன். அதே சொல்லால் இதையும் சொல்லவேண்டியிருக்கிறது.

ரயில் இன்னும் வரவில்லை. கேட்காரன் கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்க்கிறான், மேஜர் சார் காரைக் கண்டதும் ஒரு சலாம் வைத்தான், அதோடு என்னையும் பார்த்துவிட்டுக் கண்ணை இறக்கிக்கொண்டான். ஊர் முழுக்க இப்படித்தான் கண்ணை இறக்குகிறது. எல்லோருக்கும் தெரியும். அதுதான் என்னை அரிக்கிறது, எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை. நெடுங்கோட்டை ரிசாலாவில், அதாவது எங்கள் சமஸ்தானத்தின் குதிரைப்படையில், மூத்தவர் குதிரையை விட்டு இறங்கி அவர் கால் தரையில் படும்வரை இளையவன் எவனும் சேணத்தை விட்டு இறங்கக்கூடாது. எத்தனை தூரம் வந்திருந்தாலும், மழையில் நனைந்து வந்திருந்தாலும், குதிரை நுரை தள்ளினாலும். கல்யாணமாகி வந்த புதிதில் மாடியிலிருந்து பார்த்திருக்கிறேன், லாயத்தின் முன்னால் வரிசையாகக் குதிரைகள், அதன்மேல் பொம்மைகள் மாதிரி ஆட்கள், மாமா மட்டும் நிதானமாக, பேசிக்கொண்டே, கையுறையைக் கழற்றிக்கொண்டே இறங்குவார். அப்போது மாமாதான், இவருடைய அப்பாதான், படைத் தலைவர். அவர் பூட்ஸ் மண்ணில் படும் சத்தம் கேட்டதும் சடாரென்று எல்லோரும் ஒன்றாக இறங்குவார்கள், அது பார்க்க அழகாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். இவர்கள் குடும்பத்தில் யாரோ ஒரு வேலப்ப சேதுராயர், ஏதோ ஒரு பழைய சண்டையில் தொடையில் குண்டு பட்டு, தளபதி எதிரியோடு சமாதானம் பேசி முடித்து இறங்கும்வரை சேணத்திலேயே இருந்தாராம், பூட்ஸுக்குள் ரத்தம் நிரம்பி வழிந்ததாம், தளபதி இறங்கினதும் தானும் இறங்கி நின்று, அப்புறம்தான் விழுந்தாராம். வருஷத்துக்கு ஒரு நாள் ராத்திரி விருந்தில் அவரை நினைத்து எல்லோரும் எழுந்து நிற்பார்கள். வந்த புதிதில் எனக்கும் கண் கலங்கியது. அந்த ஆளுக்கு ஒரு அக்கா இருந்திருப்பாளே என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

பிறகு மகாராஜா சீமைக்குப் போய்வந்தார், வந்ததும் ரிசாலாவுக்கு ஆகாய விமானம் வேண்டும் என்றார். இரண்டு அடுக்கு றெக்கை வைத்த நாலு விமானங்கள் கப்பலில் வந்து, ரயிலில் வந்து, பழைய யானைக் கொட்டடியில் ஏறின. யானையைக் கட்டிய சங்கிலி வளையம் இன்னும் சுவரில் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் குதிரைக்கு வைப்பதுபோலப் பெயர் வைத்தார்கள், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள், குதிரைக்காரர்களையே விமானத்துக்கும் போட்டார்கள், அவர்கள் பாவம் பழக்கத்தில் எஞ்சினைத் தட்டிக் கொடுத்தார்கள். ஆபீஸர்கள் குதிமுள் வைத்த பூட்ஸோடு ஏறி றெக்கைத் துணியைக் கிழித்துவைத்தார்கள். கிழிந்த இடத்துக்குத் திருமலைதான் பசை தடவி ஒட்டுப் போட்டான், ஒட்டிக்கொண்டே சிரிப்பான். அவன் அப்போது ஒரு வருஷம் சீமையில் பறக்கப் படித்துத் திரும்பியிருந்தான், சமஸ்தானத்திலேயே அவனைப்போல ஓட்டுகிறவன் இல்லை என்று சொல்லிக்கொடுக்க வந்த வெள்ளைக்காரரே சொன்னார். ஆனால் தலைமை அவனுக்கு இல்லை. தலைமை வயசுக்கும் குடும்பத்துக்கும். நாற்பத்தேழு வயசில், குதிரை முதுகிலேயே முக்கால் ஆயுளைக் கழித்த இவர், மூக்குக்கண்ணாடிக்கு மேல் பறக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். கஷ்டப்பட்டுத்தான் படித்தார், பொய் சொல்லக்கூடாது, ராத்திரி படுக்கையில் கூட இவர் கால்கள் எதையோ மிதித்து மிதித்துத் தூங்காமல் கிடக்கும். எங்கள் வீட்டு மேஜையில் அந்த நாட்களில் இருந்த சிரிப்பு. அக்கா, உன் வீட்டுக்காரரு மேல ஏறினதும் என்ன செய்றாரு தெரியுமா? இடது முட்டியால விமானத்தை அமுக்குறாரு. குதிரைன்னு நெனப்பு. இவர் விடுவாரா, டேய் மாப்ளே, நான் அமுக்கினா அது திரும்புதா இல்லையா, அதைச் சொல்லு உங்க அக்காகிட்ட. திரும்புது அத்தான், நான்ல பின்னாடி உக்காந்து திருப்புறேன். இதைச் சொன்னதும் இவர்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார், புரை ஏறி நான் தலையில் தட்டவேண்டி வந்தது.

எங்கள் அம்மா போனபோது திருமலைக்குப் பால் பல்கூட விழவில்லை. என்னோடுதான் இந்த வீட்டுக்கு வந்தான், சீதனம் மாதிரி. பெண்ணோடு ஒரு பிள்ளையும் வருதாமே என்று இவர் வீட்டில் பேசியவர்கள் பேசினார்கள். எனக்குப் பிள்ளை பிறக்கவில்லை. அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் இவர் குறுக்கே விழுந்து, ஏன் இல்ல, திருமலை இருக்கானே என்பார், அதோடு அந்தப் பேச்சு நின்றுவிடும். அவனை முதல்முதலில் குதிரைமேல் தூக்கி வைத்தது இவர். இறங்கும்போது நான் இறங்கற வரைக்கும் நீ இறங்கக்கூடாது மாப்ளே என்று சொல்லிக்கொடுத்ததும் இவர்தான், அவன் சின்னக் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு, ஒன்றுக்கு முட்டிக்கொண்டு வர, முகம் சிவக்க உட்கார்ந்திருந்தான், இவர் வேண்டுமென்றே மெதுவாக இறங்கினார், நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நானும்தான். இதை ஏன் இப்போது நினைக்கிறேன். இவரை வெறுப்பதற்குத்தான் நினைக்கிறேன் போலிருக்கிறது, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன், எதை எடுத்தாலும் அதில் இவர் அவன்மேல் வைத்திருந்த பிரியம் ஒட்டிக்கொண்டு வருகிறது. வெறுக்கவும் வழியில்லாமல் ஒருவரோடு ஒரே காரில் உட்கார்ந்திருப்பது. ரயில் வருகிறது. கூட்ஸ் வண்டி, அதன் பெட்டிகள் போய்க்கொண்டே இருக்கின்றன, இந்தச் சத்தத்துக்குள் சொல்லிவிடலாமா, சொன்னேன் என்றும் ஆகும், கேட்காது என்றும் ஆகும். உதட்டைத் திறந்தேன். திருமலை என்று என் உதடு அசைந்தது எனக்கே தெரிந்தது. இவர் திரும்பிப் பார்த்தார். என்ன? ஒண்ணுமில்ல, வெயில் ஏறுதுன்னேன். ஆமா என்றார்.

வெள்ளைக்காரர் போவதற்கு முன்னால் கரும்பலகையில் எழுதிக் காட்டிவிட்டுப் போனாராம், யாரிடம் பெட்ரோல் குறைவோ அவன் முதலில் இறங்க வேண்டும். எல்லோரும் சல்யூட் அடித்தார்கள், ரொம்ப நல்ல யோசனை என்றார்கள், அவர் கப்பல் ஏறினதும் மூத்தவர் முதலில் இறங்கினார். யாரும் உத்தரவு போடவில்லை. யாருக்கும் உத்தரவு தேவைப்படவில்லை. திருமலை எனக்குச் சொன்னான், என் அறை ஜன்னல் கட்டையில் உட்கார்ந்து கொய்யா தின்றுகொண்டு, சேணம் போடலையே தவிர மத்ததெல்லாம் ரிசாலாதான்க்கா, அத்தான் கால் தரையில படாம நாங்க ஒருத்தரும் இறங்க மாட்டோம். சீமைக்குப் போயி படிச்சிட்டு வந்தவன்தானே நீ, நீயுமா? நான் மட்டும் இறங்கினா மத்தவனுங்க மூஞ்சில எப்படி முழிக்கிறது? அதுவும் அத்தானை விட்டுட்டு. அவரு மேல தடுமாறிக்கிட்டு இருக்கப்ப நான் கீழ போயி காப்பி குடிச்சா நல்லாவா இருக்கும்? அதற்குள் பெட்ரோல் தீர்ந்தா என்னடா பண்ணுவே என்றேன். விளையாட்டாகத்தான் கேட்டேன். தீராதுக்கா, அத்தான் நாலு சுத்து சுத்தினாலும் தாங்கும். கொய்யாவின் காம்பை ஜன்னலுக்கு வெளியே எறிந்தான். அந்தப் பல். கொய்யாக் கொட்டை ஒட்டிய அந்த முன்பல்.

அந்தக் கடைசி நாளில் அவன் ஏற்கெனவே ஒருமுறை, படையில் எல்லோரிலும் சின்னவனான அம்பலவாணனைப் பழக்குவதற்காக மேலே போய்வந்திருந்தான். மெக்கானிக் பெட்ரோல் டின்னோடு ஓடி வந்தான், இவர் தம்முடைய விமானத்தில் பெல்ட் கட்டி எஞ்சினை ஓடவிட்டுத் தயாராக இருந்தார், அவரைக் காக்கவைக்கக் கூடாது என்று திருமலை கையை ஆட்டி டின்னை வேண்டாம் என்றான். நான் இதே காரில் இருந்தபடி பார்த்தேன், அதற்கு என்ன அர்த்தம் என்று அப்போது எனக்குத் தெரியாது. போனார்கள், வந்தார்கள், பக்கவாட்டுக் காற்று. இவர் இறங்கப் பார்த்தார், வேகம் அதிகம், மறுபடி மேலே போய்விட்டார். மறுபடி வந்தார், மறுபடியும் போனார். அதற்கும் மேலே திருமலை வட்டமிட்டுக்கொண்டிருந்தான். கார்மேல் வரும்போதெல்லாம் எனக்காக றெக்கையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டுவான், அது எங்கள் இருவருக்கும் உள்ள சைகை, நான் கைக்குட்டையை எடுத்து ஆட்டுவேன். ஒவ்வொரு சுற்றுக்கும் ஆட்டினேன். பெட்ரோல் முள் கீழே போவதைப் பார்த்துக்கொண்டேதான் றெக்கையை ஆட்டியிருப்பான். என்னைக் கூப்பிட்டானா? இல்லை, வழக்கம்போலத்தான் ஆட்டினானா? இது ஒன்றை யாராவது எனக்குச் சொல்லிவிட்டால் மற்றதையெல்லாம் நான் தாங்கிக்கொள்வேன். கடைசியில் இவர் இறங்கினார், குதித்துக் குதித்து, ஆனாலும் இறங்கிவிட்டார், எல்லோரும் கை தட்டினார்கள். மேலே சத்தம் நின்றது எனக்குக் கேட்கவில்லை, நானும் கை தட்டிக்கொண்டிருந்தேன். பனைகளுக்கு அந்தப் பக்கம் வறண்டு கிடந்த கண்மாய்க்குள் இறக்கப் பார்த்தானாம். கரையைத் தாண்ட முடியவில்லை.

எஞ்சின் கோளாறு என்று முடிவாகிவிட்டது. பத்திரிகையிலும் அப்படித்தான் வந்தது. ஆனால் துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் மாமா என்ன சொன்னார் என்பதைக் கதவுக்கு இந்தப் பக்கம் காப்பித் தட்டோடு நின்று நான் கேட்டேன். கண்ணில் தண்ணீர் வழிய, மீசை துடிக்க, நம்ம பொண்ணெடுத்த வீட்டுப் பிள்ளை, கடைசி வரைக்கும் சேணத்தை விட்டு இறங்கல பாத்தீங்களா என்றார். வந்தவர்கள் ஒருவர்கூட என்ன சொல்றீங்க என்று கேட்கவில்லை. தலையை ஆட்டினார்கள். துரைசிங்கமும் அம்பலவாணனும் அங்கே சுவரோரம் நின்றுகொண்டிருந்தார்கள், மிச்சமிருக்கும் இரண்டு இளைய ஆபீஸர்களும் அவர்கள்தான், அந்த அம்பலவாணன் முகத்தை நான் பார்த்தேன், மீசைகூட ஒழுங்காக முளைக்காத முகம், அழுகையும் இல்லை பயமும் இல்லை, அதில் இருந்தது ஆசை. தானும் அப்படிச் செய்துவிட வேண்டும் என்கிற ஆசை. காப்பி என் கையில் சிந்தியது. மாமாவுக்குப் பக்கத்து நாற்காலியில் இவர் தம் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேட்டதா இவருக்கு? எஞ்சின் இரைச்சலில் ஒரு காது மந்தமாகிவிட்டது இவருக்கு, அந்தப் பக்கத்துக் காதா மாமா பக்கம் இருந்தது என்று இத்தனை நாளும் நான் அந்த நாற்காலிகளை மனசுக்குள் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்க்கிறேன். தெரியாது என்றால், நான் சொன்னால், இவர் அதோடு முடிந்துபோவார். தெரியும் என்றால், தெரிந்துகொண்டே என் பக்கத்தில் படுத்து, தெரிந்துகொண்டே இன்றைக்கும் அந்தப் பிள்ளைகளோடு மேலே போகப் போகிறார் என்றால், அதற்கப்புறம் நான் யாரோடு இருப்பது? இரண்டில் எது என்று தெரிந்துகொள்ளத்தான் பயம். ஆனால் பங்குனிக் காற்று இன்றைக்கும் பக்கவாட்டில்தான் அடிக்கிறது. கேட் திறந்து பருத்தி வண்டி நகர்கிறது, வைக்கோல் துண்டுகள் சாலையின் குறுக்கே ஓடுகின்றன, இடமிருந்து வலமாக, நான் அவற்றையே பார்த்துக்கொண்டு வருகிறேன்.

வந்துவிட்டோம். யானைக் கொட்டடியிலிருந்து மூன்று விமானங்களையும் வெளியே தள்ளி நிறுத்தியிருக்கிறார்கள், நாலாவது நின்ற இடத்தில் மண் மட்டும் எண்ணெய் படிந்து கறுப்பாக இருக்கிறது. துரைசிங்கமும் அம்பலவாணனும் விறைத்து நிற்கிறார்கள். இவர் எஞ்சினை அணைத்தார். குல்லாயை எடுத்தார். கதவில் கை வைத்துவிட்டார். என் குரல் எப்படி வந்தது என்று தெரியவில்லை, யாரோ பின் இருக்கையிலிருந்து பேசின மாதிரி இருந்தது.

"ஏங்க. இன்னைக்கு நீங்க கடைசியா இறங்குங்க."

கதவில் இருந்த கை அப்படியே நின்றது.

"காரைவிட்டா?"

"இல்ல."

என்னைப் பார்க்கவில்லை. முன்கண்ணாடி வழியாக அந்தக் கறுப்பு மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லல. நான் கீழ இருந்து பாத்துக்கிட்டுதானே இருந்தேன். சுத்திக்கிட்டே இருந்தான். நீங்க இறங்கட்டும்னு."

"எஞ்சின் கோளாறு, பிரகதம். எல்லாருமா சேந்து பாத்து..."

"திருமலை டின்னை வேண்டாம்னுட்டான். நீங்க காத்துக்கிட்டு இருக்கீங்கன்னு."

பெயர் வெளியே வந்துவிட்டது. காருக்குள் அது எங்கேயும் போகாமல் நின்றது. இவர் தோல் குல்லாயைத் தலையில் வைத்து, அதன் வாரை மாட்டப் பார்த்தார், ஓட்டை அகப்படவில்லை, விரல் தேடிக்கொண்டே இருந்தது, கடைசியில் நான்தான் கையை நீட்டி மாட்டிவிட்டேன், தாடைக்குக் கீழே இவர் தோல் ஜில்லென்று இருந்தது. எதிரே வெயில் கொளுத்துகிறது, தோல் ஜில்லென்று இருக்கிறது. தெரிந்திருந்ததா தெரியவில்லையா என்று அந்த முகத்திலிருந்து எனக்குக் கிடைக்கவில்லை, எப்போதும் கிடைக்கப் போவதும் இல்லை என்று அப்போது தோன்றியது. இறங்கி நடந்தார். அவர்கள் முன்னால் போய் நின்றார். காற்று இந்தப் பக்கம் அடித்ததால் ஒவ்வொரு சொல்லும் கேட்டது. இன்னையிலிருந்து இறங்கும்போது சின்னவன் முதல்ல. அம்பலவாணன், அப்புறம் துரைசிங்கம், அப்புறம் நான். துரைசிங்கத்தின் முகம் கன்னத்தில் அறை வாங்கினது மாதிரி ஆகிவிட்டது. சார், எங்ககிட்ட என்ன தப்பு கண்டீங்க? தப்பு ஒண்ணுமில்லடா. பெரியவருக்குத் தெரிஞ்சா நாங்க வெளியில தலைகாட்ட முடியாது சார். எங்க அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன், இது உத்தரவு. உத்தரவு சார் என்றான் அம்பலவாணன், குரல் உடைந்து, ஏதோ பறிகொடுத்தவன் மாதிரி.

போய்விட்டார்கள். விசிறி சுழன்று புழுதி அடங்கி, பனைகளுக்கு மேலே மூன்று புள்ளியாகி, காணாமல்போய், நான் காரைவிட்டு இறங்கி அதன் சூடான முகப்பின்மேல் கை வைத்துக்கொண்டு நிற்கிறேன், கை சுடுகிறது, எடுக்கவில்லை. கைக்குட்டை கொண்டுவரவில்லை. வேண்டுமென்றேதான் விட்டுவந்தேன். இப்போது திரும்பி வருகிறார்கள், சத்தம் முதலில், பிறகு அவர்கள். மைதானத்துக்கு மேல் வட்டம் போடுகிறார்கள். ஒருவரும் இறங்கவில்லை. சின்னவன் இறங்க வேண்டும், அவன் இறங்கவில்லை, மூக்கைக் கொஞ்சம் தாழ்த்துகிறான், மேலே இவரைப் பார்த்ததும் மனசு வராமல் மறுபடி தூக்கிக்கொள்கிறான், அவன் இறங்காமல் துரைசிங்கம் இறங்கக்கூடாது, அவர்கள் இரண்டு பேரும் இறங்காமல் இவர் இறங்கக்கூடாது, மூன்று பேரும் சுற்றிக்கொண்டே இருக்கிறார்கள். கடவுளே நான் என்ன செய்துவிட்டேன். ஒருவருக்காக ஒருவர் காத்திருந்தது போய் இப்போது எல்லோரும் எல்லோருக்காகவும் காத்திருக்கிறார்கள். குதிரைக்காரர்கள் கொட்டடி வாசலில் கழுத்தை நிமிர்த்தி நிற்கிறார்கள், ஒருவன் சிரித்தான், பக்கத்திலிருந்தவன் அவனை இடித்தான். எத்தனை பெட்ரோல் இருக்கும். நிரப்பினார்கள், நான் பார்த்தேன், வழியும்வரை நிரப்பினார்கள், ஆனாலும் தீராது என்று ஒருவன் எனக்கு முன்பே சொல்லியிருக்கிறான். மெக்கானிக்கிடம் கேட்கலாம். பிறகு இவர் சட்டென்று சின்னவனுக்குப் பக்கத்திலேயே இறங்கி வந்து, ரொம்பப் பக்கத்தில், கையை வெளியே நீட்டிக் கீழே காட்டுகிறார், ஆடு மேய்க்கிறவன் அதட்டுவதுபோல. அந்தப் பிள்ளை போனான். மூக்கைத் தாழ்த்திக்கொண்டு, காற்றுக்கு ஒரு றெக்கையைச் சாய்த்துக் கொடுத்து, ஒரே தடவையில், தண்ணீரில் வாத்து உட்காருவதுபோல உட்கார்ந்துவிட்டான். அவ்வளவுதான். அவ்வளவுதானா? ஒரு தம்ளர் மோர் குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. திருமலைதான் இவனுக்கு இப்படி இறங்கச் சொல்லிக்கொடுத்தான்.

எஞ்சினை அணைத்தும் அவன் வெளியே வரவில்லை. போய்ப் பார்த்தேன், சேலையைப் பிடித்துக்கொண்டு, முள்செடி கிழிக்க, யாரோ அம்மா அம்மா போகாதீங்க என்று கூப்பிட்டார்கள். உள்ளே உட்கார்ந்தபடி அழுதுகொண்டிருந்தான், கண்ணாடிக்குள்ளேயே தண்ணீர் தேங்கியிருந்தது.

"இறங்குப்பா."

"மேஜர் சார் இன்னும் கால் வைக்கலைங்கம்மா."

தரையிறங்கச் சொன்ன உத்தரவுக்குத் தரையிறங்கிவிட்டான், இறங்கக்கூடாது என்ற வழக்கத்துக்கு இறங்காமல் இருக்கிறான். எனக்குச் சிரிப்பு வந்தது, ஐயோ, சிரிப்புதான் வந்தது, திருமலை இருந்தால் இதைச் சொல்லிச் சொல்லிப் புரை ஏறச் சிரித்திருப்பான். இறங்குடா என்றேன். அந்தக் குரலில் நான் ஒருவனைத்தான் அதட்டியிருக்கிறேன். அவன் கையைப் பிடித்து இழுத்தேன், ஒரு கால், பிறகு இன்னொரு கால், மண்ணில் பட்டது. நின்றான். ஒன்றும் ஆகவில்லை. வானம் இருந்தபடி இருந்தது. அதற்குள் துரைசிங்கமும் வந்துவிட்டான், தூரத்தில் அவன் விமானம் குலுங்கி நின்றது. இரண்டு பேர் தரையில்.

இவர் மட்டும் மேலே. இனி இவர் வரலாம். காற்றுகூடக் கொஞ்சம் அடங்கியிருக்கிறது. தாழ்ந்து வந்தார், மைதானத்தின் எல்லைவரை வந்தார், சக்கரம் மண்ணைத் தொடப்போகிறது என்று நினைத்தேன், மறுபடி மேலே போய்விட்டார். தடுமாற்றமில்லை, நான் பார்க்கத் தெரிந்தவள்தான், இத்தனை வருஷம் பார்த்திருக்கிறேன், அது இறங்கத் தெரியாதவர் போகிற போக்கு இல்லை. வட்டம் போடுகிறார். நிதானமாக. கண்மாய்ப் பக்கம் திரும்பும்போது இன்னும் மெதுவாக, யாருக்கோ வழிவிடுவதுபோல ஒதுங்கி, சற்று நேரம் அந்த இடத்தைக் காலியாக விட்டுவைத்து, பிறகு மறுபடி சுற்றுகிறார். சார் ஏன் வரமாட்டேங்கிறாரு என்றான் அம்பலவாணன். நாங்க ரெண்டு பேரும் இறங்கிட்டோமே. இன்னும் யாரு இருக்கா?

இளையவன் முதலில் என்று உத்தரவு போட்டவர் இவர்தானே. துரைசிங்கத்துக்கும் தமக்கும் நடுவில் இருந்த திருமலைக்கு இடத்தை விட்டுவிட்டு, அவன் வந்து உட்காரட்டும் என்று சுற்றிக்கொண்டிருக்கிறார். எத்தனை பெட்ரோல் இருந்தாலும் போதாது. மைதானத்தின் நடுவுக்கு நடந்தேன், தலைக்கு மேல் அந்த இரைச்சல், பல்லில் புழுதி, இவர் என் மேலே வரும்போது முகத்தை நிமிர்த்தி, பக்கத்து அறையில் இருப்பவரைக் கூப்பிடுவதுபோலத்தான் சொன்னேன், அவ்வளவுதான் குரல் வந்தது, வாங்க. அவன் இறங்கிட்டான். அவன் எப்பவோ இறங்கிட்டான். நீங்க வாங்க.